இருபதால் வகுத்த காற்று

ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. ஓட்டையக்கா என்றால்தான் தெரியும். யாரும் என்னவோ ஏதோ என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அவள் கட்டடங்களில் ஓட்டை தேடுபவள். ஒரு வீட்டின் கதவு சன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திய பிறகும் வெளியிலிருந்து எவ்வளவு காற்று உள்ளே கசிகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவளுடைய பிழைப்பு. இப்படியும் ஒரு வேலையா என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து அரை மணி நேரம் விளக்கியிருக்கிறாள். பாதியில் தப்பித்து வந்தவர்கள் குறைவு.

ஐம்பத்து மூன்று வயது. குள்ளம், வேகநடை, கனமான செருப்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகப் புறங்கையை உதட்டில் ஒற்றி ஈரமாக்கிக்கொண்டு, சன்னல் ஓரமாகவும் கதவுக்குக் கீழேயும் மெதுவாகக் கொண்டுபோவாள். காற்று வந்தால் ஈரம் சில்லென்று காட்டிக்கொடுத்துவிடும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, இவள் புறங்கையோடு சன்னல் பக்கம் நகர்ந்துவிட்டாள். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர், வாய் கொஞ்சம் நீளம். "என் மானத்தைக் கப்பல் ஏத்துறதுக்குன்னே கூட வர்றா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு விசில் சத்தத்தால்தான். சன்னல் செய்யும் நிறுவனம் ஒன்றில் புகார்க் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் குமாஸ்தாவாக இருந்தாள். "உங்கள் சன்னலைப் பொருத்தியதிலிருந்து வீட்டில் யாரோ விசிலடிக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மற்ற குமாஸ்தாக்கள் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவளுக்கு மட்டும் அது மண்டையைக் குடைந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அந்த முகவரிக்கே போய், வீடு முழுக்கக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். விசில் சன்னலிலிருந்து வரவில்லை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே, குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்தது. புதுச் சன்னல் இறுக்கமாக மூடிக்கொண்டதால், அதுவரை சன்னல் வழியாக வந்த காற்று இப்போது அந்தச் சந்தைப் பிடித்துக்கொண்டு பாடியது. ஒரு பக்கம் அடைத்தால் காற்று இன்னொரு பக்கம் வழி தேடும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். அதன்பிறகு அவளை மேசையில் உட்கார வைக்க யாராலும் முடியவில்லை.

நிறுவனம் பிறகு ஒரு கதவு விசிறி வாங்கியபோது, வேறு யாரும் சீண்டாததால் அது இவள் கைக்கு வந்தது. வாசல் கதவைத் திறந்து, அந்த இடத்தில் ஒரு சட்டத்தில் கெட்டித் துணியை இழுத்துக் கட்டி, துணியின் அடிப்பக்க வட்டத்தில் பெரிய விசிறியை மாட்டுவாள். விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும். உள்ளே அழுத்தம் குறைய, எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் காற்று முண்டியடித்துக்கொண்டு உள்ளே வரும். வெளியே போகிற அளவுதானே உள்ளே வரவேண்டும்? அதனால் விசிறி தள்ளுகிற காற்றை அளந்தால் போதும், எல்லா ஓட்டையையும் சேர்த்து அளந்த மாதிரி.

ஆனால் சாதாரண நாளில் எந்த வீட்டையும் விசிறி போட்டு யாரும் இழுப்பதில்லை. அப்போது எவ்வளவு கசியும்? அதற்குத் தொழிலில் ஒரு குத்துமதிப்பு உண்டு. விசிறி ஓடும்போது ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை தடவை மாறுகிறதோ, அதை இருபதால் வகுத்தால் சாதாரண நாளின் கணக்கு வந்துவிடும். அது ஏன் இருபது, பத்தொன்பதாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று பல நாள் யோசித்திருக்கிறாள். காற்றின் வேகம், கட்டடத்தின் உயரம், வெயில், குளிர் எல்லாம் சேர்ந்து முன்னே பின்னே இழுக்கும்; ஆனாலும் இருபது பெரும்பாலும் கைகொடுத்தது. இருபத்திரண்டு வருடத்தில் எழுதிக் கொடுத்த எந்த எண்ணையும் அவள் அடித்துத் திருத்தியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, அதை மறைப்பானேன்.

அவளுக்கு ஒரே தங்கை. பதிப்பகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே அச்சுப்பிழை பார்ப்பவள். பள்ளிப் பாடநூல்களுக்குத் தலைமைப் பிழைதிருத்துநர். கமா ஒன்று இடம் மாறினாலும் கண்ணில் முள்ளாகக் குத்தும் அவளுக்கு. ஒரு சலவைக்கடைக்கு மேலே முதல் மாடியில் மூன்று அறை வீடு. கணவர் காலை எட்டு மணிக்கு அலுவலகம் போய் இருட்டும்போது திரும்புவார். நல்ல மனிதர். அமைதியாகப் பேசுவார், அமைதியாகத் தப்பாகவும் பேசுவார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் தங்கைக்குத் தலைவலி தொடங்கியது. நெற்றியில் பட்டை போட்டு இறுக்குகிற மாதிரி வலி, கூடவே குமட்டல், படித்த வரியையே மறுபடி படிக்கிற மந்தம்.

"அக்கா, இந்த வீட்டுல என்னமோ இருக்கு" என்று தொலைபேசியில் சொன்னாள். "காத்தே இல்லாத மாதிரி இருக்கு. நீ வந்து ஒரு தடவை பாரேன்."

கூப்பிடாமலே போகிறவள், கூப்பிட்டால் விடுவாளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை விசிறியும் பெட்டியுமாகப் போய் இறங்கினாள். தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "முதல்ல அளந்துடுறேன், அப்புறம் பேசலாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். வேலை அறையின் சன்னல் இடுக்கெல்லாம் ஓட்டை. தெருச் சத்தமும் தூசியும் அதன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. தங்கைக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப்போகிறாள்? தன் பெட்டியிலிருந்த ரப்பர் பட்டையை எடுத்து ஓர் இடுக்கு விடாமல் அடைத்துக் கொடுத்தாள். பிறகு விசிறியைப் போட்டாள். குளியலறையில் குழாய்கள் போகும் ஓட்டையிலிருந்து நல்ல காற்று வந்தது, சோப்பு வாசனையோடு. தங்கை வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

வீட்டின் கொள்ளளவு நூற்றைம்பது கன மீட்டர். விசிறி தள்ளியது மணிக்கு ஆயிரத்து இருநூறு. அதாவது எட்டுத் தடவை. இருபதால் வகுத்தால் பூச்சியம் புள்ளி நான்கு. இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை வீட்டுக் காற்று முழுதாக மாறிவிடுகிறது.

"உன் வீட்டுக்குக் காத்துப் பஞ்சமே இல்ல" என்றாள் ஓட்டையக்கா. "சன்னலைத் திறக்கணும்னுகூட அவசியம் இல்ல. மூடியே வை, தெருத் தூசியாவது வராம இருக்கும்."

"அப்போ எனக்கு ஏன் இப்படி இருக்கு?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா காத்து இல்ல காரணம். எழுதியே தரேன்."

எழுதியும் கொடுத்தாள். தங்கை அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். பிழை எதுவும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தலைவலி இரட்டிப்பானது. பாடநூலில் ஒரு பக்கத்தில் நான்கு பிழைகளை விட்டுவிட்டாள். அவள் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை. கணவர் கவனித்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு வலி இல்லை. பாடுகிறாள், சிரிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறாள். இதற்கு என்ன அர்த்தம்? யாரைக் கேட்டாலும் ஒரே அர்த்தம்தான் சொன்னார்கள்.

"வேலை பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடலாமே" என்றார் கணவர், அமைதியாகத்தான்.

"வேலை பிடிச்சிருக்கு. வீட்டுலதான் என்னமோ இருக்கு."

"அதான் உங்க அக்காவே மெஷின் வெச்சு அளந்துட்டாங்களே."

அக்கா அளந்தால் அளந்ததுதான். அப்படியென்றால் கோளாறு தன் மண்டைக்குள்தான் இருக்கவேண்டும். நான்கு மாதத்தில் தங்கை இதைத் தானே நம்பத் தொடங்கிவிட்டாள். கணவர் அவளை மருத்துவரிடம் அழைத்துப்போனார். அவர் கேள்வி கேட்டதெல்லாம் பெரும்பாலும் கணவரிடம். ஞாயிற்றுக்கிழமைக் கதையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மனச்சோர்வு, பொறுப்பான வேலைக்குத் தற்போது தகுதியில்லை, ஆறு மாதம் ஓய்வு என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அதை வருகிற திங்கட்கிழமை பதிப்பகத்தில் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டால் பாடநூல் வேறு கைக்குப் போகும். மனம் சரியில்லாதவள் என்று கோப்பில் ஏறிய பிறகு அந்தத் தலைமை இடம் அவளுக்குத் திரும்ப வராது. தங்கை தொலைபேசியில் இதைச் சொன்னபோது அழக்கூட இல்லை. "ஓய்வு எடுத்தா சரியாயிடும்ல அக்கா" என்று கேட்டாள். இவளும் சரியாகிவிடும் என்றாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை, ஓட்டையக்கா வேறொரு தெருவில் ஒட்டு வீடு ஒன்றை அளந்துகொண்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். விசிறியை முழு வேகத்தில் விட்டு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நீங்க இங்க என்னமோ ஓட்டுறீங்க. என் வீட்டு அறைக்கதவு தானா அறைஞ்சு சாத்துது. திரைச்சீலை எல்லாம் உங்க சுவர் பக்கமா இழுக்குது. அங்க என்னதான் பண்றீங்க?"

ஓட்டையக்காவுக்கு வழக்கம்போல முதலில் ஆர்வம்தான் வந்தது. "அப்படியா, எந்தச் சுவர்?" என்று பின்னாலேயே போனாள். பார்த்தால் உண்மைதான். பொதுச் சுவரில் மின்கம்பி போகும் துளை வழியாக அந்த வீட்டுக் காற்று இந்த வீட்டுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. காற்று போகும் திசையைக் காட்டும் புகைக்குப்பியை அருகில் பிடித்தால் புகை நூல் மாதிரி நேராக உள்ளே போனது. அடேயப்பா, எவ்வளவு காற்று. விசிறி இதையும் சேர்த்துத்தானே எண்ணுகிறது? வெளிக்காற்று என்று தான் எழுதப்போகும் எண்ணில் பாதி, இந்த அம்மாளின் வீட்டுக் காற்று அல்லவா?

இது அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. பயிற்சி வகுப்பில் இரண்டு வரி படித்திருந்தாள். ஆனால் இத்தனை வருடம் பெரும்பாலும் தனி வீடுகளாகவே அளந்து பழகிப்போனதில், ஓட்டை வழியாக வந்தால் அது வெளிக்காற்று என்று கைக்குப் படிந்துவிட்டது. விசிறிக்குக் காற்றின் அளவு தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்று விசிறிக்கு எப்படித் தெரியும்?

சோப்பு வாசனை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கை வீட்டுக் குளியலறை ஓட்டையிலிருந்து வந்தது தங்கை வீட்டுச் சோப்பு இல்லை. கீழே சலவைக்கடை. ஞாயிற்றுக்கிழமை சலவைக்கடைக்கு விடுமுறை. மற்ற ஆறு நாளும் அங்கே எரிவாயுவில் துணி உலர்த்தும் பெரிய இயந்திரம் ஓடும். எரிவாயு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தலைவலியும் குமட்டலும்தான் அதன் அடையாளம். போதாக்குறைக்கு, உண்மையான வெளிக்காற்று வந்துகொண்டிருந்த சன்னல் இடுக்குகளைத் தன் கையாலேயே அடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அவசரத்தில் தொலைபேசியில் இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினாள்.

"சன்னலெல்லாம் திற. அடுப்பு விளக்கு எதையும் தொடாத. சன்னலைத் திறந்துட்டு உடனே வெளில வா."

"என்ன அக்கா? படுத்திருக்கேன். தலை கிறுகிறுன்னு இருக்கு."

"எழுந்திரு. சுவரைப் பிடிச்சுக்கிட்டாவது வா. தெருவுல போய் நில்லு. போனை வைக்காத, பேசிக்கிட்டே வா."

தங்கை செருப்பு மாட்டும் சத்தம், தாழ்ப்பாள் சத்தம், படிக்கட்டில் கால் இழுபடும் சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டே ஓட்டையக்கா வாகனம் பிடித்தாள். "தெருவுக்கு வந்துட்டேன்" என்ற குரல் கேட்கும்வரை தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது தங்கை எதிர்வரிசைக் கடையின் படியில் வெளுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, கார்பன் மோனாக்சைடைக் காட்டும் கையளவு வாயுமானியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். சன்னல்கள் திறந்திருந்தும் கூடத்தில் எண் ஏறத் தொடங்கியது. குளியலறைக் குழாய் ஓட்டையின் பக்கம் நீட்டியதும் கருவி வீறிட்டது. அவ்வளவுதான், கீழே ஓடிவந்துவிட்டாள்.

சலவைக்கடைக்காரர் மலையளவு உடம்பும் குழந்தைச் சிரிப்பும் உள்ளவர். "என் கடையில புகையா? வெள்ளை வேட்டியை வெள்ளையா குடுக்கிறவன்மா நான்" என்று தொடங்கினார். கருவியின் அலறலை மறுபடி போட்டுக் காட்டியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, மறுபேச்சில்லாமல் எரிவாயுக் குழாயை மூடினார். கடை ஆட்களையெல்லாம் அவரே தெருவுக்கு அனுப்பினார்.

எரிவாயுப் பணியாளர் வந்து பார்த்தபோது விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. உலர்த்தும் இயந்திரத்தின் புகைக்குழாய், கட்டடத்தின் குழாய்களெல்லாம் மேலேறும் சந்துக்குள்ளேயே மொட்டைமாடி வரைக்கும் போகிறது. முதல் மாடி உயரத்தில் அதன் இணைப்பு எப்போதோ கழன்றிருக்கிறது. முன்பெல்லாம் கசிந்த புகை சந்தின் வாய் வழியாக மேலே போய்விடும். ஐந்து மாதத்துக்கு முன்னால், புறா கூடு கட்டுகிறது என்று அந்த வாயைத் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். பிறகு புகைக்குத் தங்கை வீட்டுக் குளியலறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

இத்தோடு விட்டிருக்கலாம். காரணம் தெரிந்துவிட்டது, எரிவாயு நின்றுவிட்டது, தங்கை அன்றிரவு அக்கா வீட்டில் நன்றாகத் தூங்கினாள். ஆனால் எண் தெரியாமல் ஓட்டையக்காவுக்குச் சோறு இறங்காது. தான் எழுதிக் கொடுத்த ஆயிரத்து இருநூறில் உண்மையான வெளிக்காற்று எவ்வளவு? வெள்ளிக்கிழமை சக ஊழியரிடம் இன்னொரு விசிறியைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இப்ப என் கடைக்கும் விசிறியா?" என்றார் சலவைக்கடைக்காரர்.

"உங்க கடையையும் மேல்வீட்டையும் ஒரே அழுத்தத்துல வெச்சுட்டா, ரெண்டுக்கும் நடுவுல காத்து நகராது. ரெண்டு பக்கமும் சமமா இழுக்கிற கயிறு மாதிரி. அப்போ மேல விசிறி காட்டுறது சுத்தமான வெளிக்காத்து மட்டும்தான்."

"அட" என்றார் அவர். அதற்கு மேல் அவரைக் கடையை விட்டு வெளியே போகச் சொல்ல முடியவில்லை. கீழ் விசிறியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அழுத்தம் அம்பது வந்துடுச்சு, ஏத்தட்டுமா இறக்கட்டுமா" என்று தொலைபேசியில் மேலே சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேல் விசிறியின் எண் இறங்கியது. ஆயிரம். எழுநூறு. நானூற்றைம்பதில் நின்றது. அதாவது மூன்று தடவை. இருபதால் வகுத்தால் கிட்டத்தட்ட ஆறேமுக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறைதான் வெளிக்காற்று மாறும். மீதி எழுநூற்றைம்பதும் சலவைக்கடையின் மூச்சு. ஓட்டையக்கா அந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள். அவமானமாக இருந்தது. சரியான எண் கிடைத்துவிட்டதில், அந்த அவமானத்தின் நடுவிலும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

சனிக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அக்கா, தங்கை, தங்கையின் கணவர் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஓட்டையக்கா பழைய காகிதத்தைப் போட்டு, எண்ணின் குறுக்கே கோடு கிழித்தாள். பக்கத்திலேயே புதிய அறிக்கையை வைத்தாள்.

"நான் தப்பா அளந்துட்டேன்" என்றாள். "அளந்தது சரி. அதை வெளிக்காத்துன்னு சொன்னதுதான் தப்பு. சன்னலை வேற அடைச்சுட்டுப் போயிருக்கேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தா…"

தங்கையின் கணவர் புதிய அறிக்கையை எடுத்துப் படித்தார். முகம் சுருங்கிவிட்டது. "இது போதும் அண்ணி. திங்கட்கிழமை காலையில டாக்டர்கிட்ட இதைக் காட்டினா சான்றிதழை மாத்திக் குடுத்துடுவார். அப்படியே பதிப்பகத்துக்குப் போயிடலாம்."

"காட்டக் கூடாது" என்றாள் தங்கை.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"காகிதம் சொல்லுச்சுன்னு என்னை நம்பாம இருந்தீங்க. இப்ப காகிதம் சொல்லுதுன்னு நம்புறீங்க. நடுவுல நான் ஒருத்தி அஞ்சு மாசமா ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்." குரலை உயர்த்தவில்லை. அச்சுப்படியில் பிழையைச் சுழித்துக் காட்டுகிற அதே நிதானம். "டாக்டர்கிட்ட நீங்க வாயால சொல்லுங்க. அக்காவும் வரட்டும். பேப்பர் பைக்குள்ளயே இருக்கட்டும்."

"அவர் ஆதாரம் கேப்பாரே" என்றார் கணவர்.

"கேக்கட்டும்."

"அப்புறம் மாத்தித் தரலைன்னா? வேலை போயிடுமே."

"போனா போகட்டும்" என்றாள் தங்கை. அவள் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை மருத்துவர் அறையில் மூன்று நாற்காலி. கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கீழ்க்கடைப் புகைக்குழாய் கழன்றதையும் வாயு மேலே வந்ததையும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். மருத்துவர் பேனாவைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா டாக்டர். அன்னிக்குக் கடை லீவு."

"சரி, இதுக்கெல்லாம் ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?"

ஓட்டையக்காவின் கை பைக்குப் போனது. அவளுக்கு வாயும் அரித்தது, கையும் அரித்தது. நானூற்றைம்பது, எழுநூற்றைம்பது என்று எண்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. தங்கை அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஓட்டையக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் மனைவி சொன்னா டாக்டர்" என்றார் கணவர். "வீட்டுல என்னமோ இருக்குன்னு முதல் நாளே சொன்னா. நான்தான் கேக்கல."

மருத்துவர் பேனாவைச் சுழற்றுவதை நிறுத்தினார். இரண்டு முறை வந்தபோதும் கணவரைப் பார்த்தே பேசிப் பழகியிருந்தவர், நாற்காலியைத் தங்கையின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. முதல்ல இருந்து."

தங்கை சொல்ல ஆரம்பித்தாள். "எட்டரைக்குக் கீழ ஷட்டர் தூக்குற சத்தம் கேக்கும். ஒன்பதே காலுக்கு வலி ஆரம்பிக்கும். ஒருநாள் அவங்க பதினொண்ணுக்குத்தான் திறந்தாங்க, அன்னிக்குப் பன்னிரண்டு வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல. குளியலறைச் சுவர் பக்கம் உக்காந்தா ஜாஸ்தி. அதனால மேசையை ரெண்டு தடவை நகர்த்தினேன். சன்னல் பக்கம் போட்டப்ப கொஞ்ச நாள் பரவாயில்லாம இருந்துச்சு. அப்புறம் சன்னல் இடுக்கை அடைச்சதும் அங்கயும் வர ஆரம்பிச்சுடுச்சு."

ஓட்டையக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு விசிறியும் வாயுமானியும் வைத்துத் தான் கண்டுபிடித்ததை எல்லாம் இவள் ஒரு மேசையை நகர்த்தியே கண்டுபிடித்துவிட்டிருந்தாள்.

"இவ்வளவு தெளிவா தெரிஞ்சிருக்கே. ஏம்மா இதை யாருகிட்டயும் சொல்லல?" என்றார் மருத்துவர்.

"வீட்டுல என்னமோ இருக்குன்னு சொன்னேன். என்ன, எப்போ, எந்தப் பக்கம்னு யாரும் கேக்கல டாக்டர். அக்காகூட வந்தா. அன்னிக்கு முழுக்கச் சுவரைத்தான் பாத்தா."

மருத்துவர் பழைய சான்றிதழை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதுத்தாளை எடுத்தார். அவர் எழுதத் தொடங்கியபோது, ஓட்டையக்கா தன் நாற்காலியைத் தங்கைக்கு அருகில் நகர்த்திப் போட்டாள்.

"மேசையை முதல்ல எந்தப் பக்கம் போட்டிருந்த?" என்று கேட்டாள்.